நாற்பத்தெட்டு அடிக் கயிறு

"அந்தக் கொடிக்கயிற்றை அவிழ்த்துட்டு வா," என்றாள் டீச்சர்.

சின்னவள் காய்ந்தும் காயாத துணிகளைத் தோளில் அள்ளிப் போட்டுக்கொண்டு கயிற்றை அவிழ்த்தாள். மூத்த மருமகள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வீட்டிலும் அதே பெயர், அதே குரல். சின்னவள் வீட்டோடு இருந்து துணி தைப்பவள்.

மாடியில் புதிதாகக் கட்டிய இரண்டு அறைகளில் சுண்ணாம்பு வாசனை இன்னும் போகவில்லை. ஒன்று நீளம், ஒன்று சதுரம். கீழ்ச்சுவர் போன வழியில்தானே மேல்சுவரும் போகும்?

மாமனார் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தன் இரண்டு பிள்ளைகளுக்கும் பென்சிலைக்கூட அளவு பார்த்து நறுக்கிக் கொடுத்தவர். மருமகள்கள் ரகசியமாக வைத்த பெயர் 'தராசு'.

"ரெண்டும் சமமா இருந்தா அவங்கவங்க பிடிச்சதை எடுத்துக்கலாம். ஒரு சாண் வித்தியாசம் வந்தாலும் சீட்டுக் குலுக்கிடுவேன். வந்தது வந்ததுதான். அப்புறம் யாரும் மூக்கைச் சிந்தக் கூடாது."

சின்னவளின் கண் மாடிப்படிப் பக்கம் போனது.

ஆறடிக்கு ஐந்தடியில் ஆசையாகச் செய்த மேசை, சுற்றி வந்து துணி வெட்ட இடமில்லாமல் இரண்டு வருஷமாகக் கால் கழன்று மாடிப்படிக்கு அடியில் கிடக்கிறது. தரையில் மண்டியிட்டு வெட்டி வெட்டி முழங்கால் இரண்டும் காய்த்துவிட்டன. சதுர அறை கிடைத்தால் மேசை எழுந்து நிற்கும். நீள அறையின் அகலம் எட்டே அடி. கட்டிலையும் மேசையையும் போட்டால் மனிதர்கள் ஜன்னல் வழியாகத்தான் உள்ளே வரவேண்டும்.

வாய்விட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டுப் பழக்கமில்லை. தானாக யாராவது கொடுத்தாலும், 'எனக்கெதுக்கு' என்றுதான் அவளுக்கு முதலில் வரும்.

"அக்கா, அளக்க என் டேப் இருக்கே?"

"டேப்பெல்லாம் உன் சட்டைக்கும் பாவாடைக்கும். முனையைப் பிடி."

நீள அறையின் நாலு சுவரையும் ஒட்டிக் கயிறு ஊர்ந்தது. புறப்பட்ட மூலைக்கே வந்து சேர்ந்த இடத்தில் டீச்சர் ஒரு முடிச்சுப் போட்டாள். அதே கயிறு சதுர அறையையும் சுற்றி வந்தது. முடிச்சு, இம்மி பிசகாமல் மூலையில் வந்து உட்கார்ந்தது.

"பார்த்துக்கோங்க மாமா. இதுவும் நாற்பத்தெட்டு அடி. அதுவும் நாற்பத்தெட்டு அடி."

மாமனார் எழுந்து வந்து, குனிந்து, முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். "சமம்! படிச்ச மருமக படிச்ச மருமகதான்."

"அப்போ நீள ரூம் எனக்கு," என்றாள் டீச்சர் அடுத்த மூச்சிலேயே. யாரையும் கேட்கவில்லை. கைப்பையைக் கொண்டுபோய் அங்கே வைத்தும்விட்டாள்.

சின்னவளின் கணவன் அவள் காதருகே வந்தான். "பார்த்தியா, அண்ணி முந்திக்கிட்டாங்க. வாயுள்ள பிள்ளை பிழைக்கும். நீயும் இருக்கியே!"

அவள் குனிந்து கயிற்றைச் சுருட்டத் தொடங்கினாள். நிமிர்ந்தால் சந்தோஷம் வெளியே தெரிந்துவிடும்.

மத்தியானம் மேசைக்குக் கால் பூட்டினாள். பிறந்த கன்றுக்குட்டி போல அது ஒருமுறை ஆடிவிட்டு நின்றது. சுற்றிச் சுற்றி நடந்தாள். மூன்றாவது சுற்றில் அவள் கால் நின்றுவிட்டது.

கயிறு என்பது ஓரத்தில் தைக்கிற நாடா மாதிரி. இரண்டுக்கும் ஒரே நாடா. ஆனால் உள்ளே பிடிக்கிற துணி?

பழுப்புக் காகிதத்தில் போட்டுப் பார்த்தாள். பதினாறு எட்டு, நூற்று இருபத்தெட்டு. பன்னிரண்டு பன்னிரண்டு, நூற்று நாற்பத்து நாலு.

பதினாறு சதுர அடி தனக்குக் கூடுதல்.

பாவம், அக்கா. இத்தனை வருஷம் சொல்லிக் கொடுத்த கணக்கே வயதாக ஆக மறந்து போகுமா என்ன?

சொன்னால் மறுபடி கூட்டம் கூடும், சீட்டு வரும், மேசை படிக்கட்டுக்கு அடியில் போகும். சொல்லாவிட்டால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. மேசையைத் தடவிப் பார்த்தாள். ஆனால் வெட்டி மிஞ்சிய கையகலத் துண்டைக்கூடச் சுருட்டித் தைக்கக் கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுத்துப் பழகிய கை அது.

காகிதத்தை எடுத்துக்கொண்டு நீள அறைக்குப் போனாள்.

டீச்சர் அங்கே இல்லை. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு ஒரு சின்ன மேசை. அதன்மேல் திருத்திக்கொண்டிருந்த பரீட்சைத் தாள்கள். மேலேயிருந்த தாளில் ஏதோ ஒரு பிள்ளையின் கோணல் எழுத்து:

'இரண்டு தோட்டங்களுக்கும் வேலியின் நீளம் ஒன்றே. ஆகையால் இரண்டின் பரப்பளவும் சமம்.'

அதன் குறுக்கே நீளமாக ஒரு சிவப்புக் கோடு. பக்கத்தில் பெரிய பூஜ்யம். கீழே டீச்சரின் முத்தான எழுத்து: 'தவறு. சுற்றளவு ஒன்றானாலும் சதுரத்துக்குள்தான் இடம் அதிகம். எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்!'

தேதி, நேற்றைய தேதி.

சின்னவள் பழுப்புக் காகிதத்தை நாலாக மடித்தாள். எட்டாக மடித்தாள். இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"என்னடி, மரம் மாதிரி நிக்கிறே?" ஈரக் கையைத் துடைத்தபடி, கட்டிலைச் சுற்ற வழியில்லாமல் பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து வந்தாள் டீச்சர்.

"ஒண்ணுமில்லக்கா..." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள் சின்னவள். "உங்க ஜன்னலுக்குத் திரை தைக்கலாம்னு. அளவெடுக்க வந்தேன்."

"எடு, எடு," என்றாள் டீச்சர், சிவப்புப் பேனாவைத் திறந்துகொண்டே. "ஆனா பார்த்து எடு. அளவுல தப்புப் பண்ணினா எனக்குப் பிடிக்காது."