பெரியம்மாவுக்கு நடந்த மரியாதை

"நாலு பேர் பார்க்க, கையைப் பிடிச்சு வெளியே கொண்டுவந்து விட்டுட்டா உன் பொண்ணு!"

போனில் அம்மாவிடம் அவள் அக்கா பொரிந்து தள்ளினாள்.

"முட்டி வலின்னு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கேதானே மனநலப் பிரிவுல பயிற்சி எடுக்கிறா, ஒரு எட்டு பார்த்துட்டுப் போலாம்னு நுழைஞ்சேன். 'இங்கெல்லாம் நிக்கக் கூடாது பெரியம்மா, கிளம்புங்க'ன்னு விரட்டிட்டா. படிப்பே இன்னும் முடியல, அதுக்குள்ள இப்படி!"

சாயங்காலம் மகள் வந்து தோள்பையைக்கூட இறக்கவில்லை. அம்மா பிடித்துக்கொண்டாள்.

"பெரியம்மாவை ஏன்டி அவமானப்படுத்தினே?"

"தப்புதாம்மா. ஏதோ வேலை அவசரம்."

"என்ன பொல்லாத அவசரம்? எம்.ஏ. முடிச்சு, அதுக்கு மேலயும் மனசைப் பத்தியே படிக்கிறே. சொந்தப் பெரியம்மா மனசு புரியலையா?"

மகள் போனை எடுத்தாள்.

"பெரியம்மா, மன்னிச்சிடுங்க. நான் அப்படி நடந்திருக்கக் கூடாது."

அந்தப் பக்கமிருந்து கிடைத்த அர்ச்சனையை எல்லாம் 'ம்... ம்...' என்று கேட்டுக்கொண்டாள்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா தட்டைத் தள்ளி வைத்தார். பஸ் டிரைவர். வீட்டில் அதிகம் பேசாதவர்.

"அவளைத் திட்டாதே."

"நீங்க கொடுக்கிற செல்லம்தான்..."

"அந்த மனநலப் பிரிவு வராந்தா பெஞ்சுல அப்போ நான் உட்கார்ந்திருந்தேன்."

அம்மா திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"என் பஸ் முன்னாடி ஒரு ஸ்கூட்டர்காரன் விழுந்தான் இல்ல? அவனுக்கு ஒண்ணும் ஆகல. எனக்குத்தான் அதுலேர்ந்து ஸ்டியரிங்கைத் தொட்டாலே கை நடுங்குது. வெளியே சொல்ல வெட்கம். யாருக்கும் தெரியாம அங்கே வைத்தியத்துக்குப் போறேன். உங்க அக்காவைப் பார்த்ததும் எனக்கு உயிரே இல்ல. அவங்க என்னைப் பார்க்கறதுக்குள்ள இவ வந்து கூட்டிட்டுப் போயிட்டா. என் பக்கம் திரும்பக்கூட இல்ல."

அம்மா மெல்ல மகளிடம் கேட்டாள்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேடி?"

"ஆஸ்பத்திரியில யாரைப் பார்த்தேன்னு வீட்ல பேச மாட்டேம்மா. அது யாரா இருந்தாலும்."

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அடுத்த தடவை அந்த பெஞ்சுல பக்கத்துல இருக்கறவங்ககிட்ட நானே சொல்லப் போறேன், 'அதோ போறாளே, அவ என் பொண்ணு'ன்னு."