தானாக இறுகும் பெல்ட்

“இது அஞ்சாவது தடவை. உனக்கு வேலை தெரியுமா, தெரியாதா?”

பல் டாக்டர் போட்ட சத்தத்தில் பட்டறையில் இருந்த நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மெக்கானிக் டாக்டருடைய பழைய ஸ்போர்ட்ஸ் காரின் பானெட்டைத் தூக்கினார். ஓடிக்கொண்டிருந்த எஞ்சினின் டைமிங் பெல்ட் கீச்சென்று கத்தியது. மறுபடியும் அளவுக்கு மேல் இறுகி விறைத்திருந்தது.

“என் கிளினிக்ல பல்லைக் குடையற மெஷின்கூட இப்படிக் கத்தினதில்லைய்யா!”

“பல்லைக் காட்ட வந்தவங்க போட்ட கத்தல்ல அது கேட்டிருக்காது டாக்டர்.”

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். டாக்டர் அரை மணி நேரம் பிடிபிடியென்று பிடித்துவிட்டுப் போனார்.

மெக்கானிக்குக் குழப்பம். பெல்ட்டை இரண்டு விரலால் முறுக்கினால் கால்வட்டம் திரும்ப வேண்டும்; கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஐந்து தடவையும் அப்படித்தான் வைத்தார். நாள்பட்ட பெல்ட் தொய்யும். தானாக இறுகாது. இருபத்தாறு வருஷத்தில் அப்படி ஒன்றை அவர் பார்த்ததில்லை.

“உங்களுக்குக் கை தடுமாறுதுண்ணே” என்று சொல்லி, வழக்கமாக வரும் வேன்காரர் ஒருவர் தன் வண்டியை வேறு பட்டறைக்கு ஓட்டிப் போய்விட்டார். இன்னும் இரண்டு பேர் இப்படிக் கிளம்பினால் கடையை மூட வேண்டியதுதான்.

இந்தத் தடவை, பெல்ட்டை இறுக்கும் நட்டையும் அதை ஒட்டிய இரும்பையும் சேர்த்து வெள்ளை பெயின்டில் ஒரு கோடு போட்டிருந்தார்; யாராவது நட்டைத் திருப்பினால் கோடு விலகிவிடும். நாலாம் நாள் சாயங்காலம் டாக்டர் வீட்டுக்கே போனார். டாக்டர் நடக்கப் போயிருந்தார். கார் ஷெட் திறந்திருந்தது.

பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு டாக்டரின் மனைவி. கையில் ஸ்பேனர். வெள்ளைக் கோடு இரண்டாக விலகியிருந்தது.

“நீங்களாம்மா? என் பொழப்புல மண்ணைப் போடறீங்களே!”

“மன்னிச்சிடுங்க தம்பி. முதல் தடவை நீங்க சரி பண்ணினப்போ பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டேன்.”

“எதுக்கும்மா?”

“கிளினிக்கை மூடின நாள்லேர்ந்து அவர் ஒரு வார்த்தை பேசறதில்லை. சுவரைப் பாத்துக்கிட்டே உக்காந்திருப்பார். உங்ககூடச் சண்டை போட்டுட்டு வர்ற அன்னிக்குத்தான் வாயைத் திறக்கறார். ‘அந்த மெக்கானிக் என்ன சொன்னான் தெரியுமா’ன்னு ஆரம்பிச்சா, படுக்கற வரைக்கும் அதே பேச்சு. போன வாரம் சிரிச்சார் தம்பி.”

மெக்கானிக் ஸ்பேனரை வாங்கி, பெல்ட்டை முறுக்கிப் பார்த்துச் சரியாக வைத்தார்.

“இதுல இனிமே கை வைக்காதீங்கம்மா. கொஞ்சம் அளவு தப்பினாலும் பெல்ட் அறுந்து எஞ்சினே போயிடும்.”

அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

“எஞ்சினுக்குக் கெடுதல் வராம, வாராவாரம் நானே அளவாக் கத்தவிட்டு அனுப்பறேன்.”