போர்டு மறைத்த நம்பர்

பேக்கரி வாசலில் சங்கிலியில் தொங்கிய புதுப் பெயர்ப்பலகைக்குத் தன் தங்க எழுத்துகள்மேல் தாங்க முடியாத பெருமை. அதன் ஒரு மூலை, கரண்ட் மீட்டருக்கு மேலே சுவரில் எழுதியிருந்த சர்வீஸ் நம்பரை மறைத்தது.

“அண்ணே, கொஞ்சம் தள்ளிக்கிட்டா நல்லது. என் நம்பர் தெரியலை,” என்றது மீட்டர்.

“உன் நம்பரைப் பார்த்தா ஆளுங்க கேக் வாங்க வர்றாங்க? என் பேரைப் பார்த்துடா, பேரைப் பார்த்து!”

அன்றிலிருந்து மீட்டர், சாயங்காலம் பலகைக்கு மேலே விளக்கு எரிந்ததும், “அண்ணே, வெளிச்சம் சரியா விழுதா?” என்று மட்டும் கேட்கும்.

ஒரு மத்தியானம் அந்தக் கடைக்கு மட்டும் கரண்ட் போனது. முதலாளி தங்கமாரி புகார் சொல்ல மின்வாரியத்துக்குப் போன் போட்டு, பலகை பூரித்துப்போகும்படி கடைப் பெயரை உரக்கச் சொன்னார்.

“அந்தப் பேர்ல இங்க ஆறு கடை இருக்கு சார். சர்வீஸ் நம்பர் சொல்லுங்க.”

தங்கமாரிக்கு அது தெரியாது. பில் கட்டும் மகளோ போனை எடுக்கவில்லை.

உள்ளே ஃபிரிட்ஜ் புலம்பியது: “ஐயோ, பிறந்தநாள் கேக் இளகுதே! பிள்ளை பேரெல்லாம் வழியுதே!”

பலகைக்குக் கேட்டது. காற்றும் வீசியது, லேசாக ஆடினால் போதும், நம்பர் தெரிந்துவிடும். ஆனால் மறைத்தது யார் என்பதும் தெரிந்துவிடுமே! அது சுவரோடு இன்னும் இறுக ஒட்டிக்கொண்டது.

கடைசியில், சுவரில் நம்பர் எழுதியிருந்தது ஞாபகம் வந்து, தங்கமாரியே ஸ்டூல் போட்டு ஏறி, பலகையின் மூலையைத் தூக்கிப் பார்த்தார்.

கரண்ட் வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. கேக் குப்பைக்கூடையில் கிடந்தது. பலகைக்கு மேலிருந்த விளக்கு பளிச்சென்று எரிந்தது.

“அண்ணே, வெளிச்சம் சரியா விழுதா?” என்று மீட்டர் வழக்கம்போலக் கேட்டது.

பலகை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்ளப் பார்த்தது. முடியவில்லை. தங்க எழுத்துகள் தெருக்கோடி வரைக்கும் மின்னின.