சித்தி வீடு

"டீச்சர் நம்ம வீட்டைப் பாக்கணுமாம்மா."

மகள் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். அம்மா கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"வீட்டை எதுக்குடி பாக்கணும்? பாடத்தை நடத்திட்டுப் போக வேண்டியதுதானே?"

"எல்லார் வீட்டையும் வீடியோவுல பாக்கறாங்க. எங்க உக்காந்து படிக்கிறோம், வெளிச்சம் இருக்கா, சத்தம் இருக்கான்னு பாத்துட்டு அப்பா அம்மாவுக்கு யோசனை சொல்றாங்க. இன்னிக்கு மத்தியானம் நம்ம முறை. கேமரா கண்டிப்பா போடணுமாம்."

இத்தனை நாளும் 'நெட் இழுக்குது டீச்சர்' என்று கேமராவை மூடி வைத்தே காலத்தை ஓட்டியாகிவிட்டது. அந்தப் பொய்க்கு இன்றோடு ஆயுசு முடிந்தது.

கடை, அலுவலகம், பள்ளிக்கூடம் எல்லாம் மூடிக் கிடந்த சமயம் அது. அவர்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரருடைய மகன் வெளியூரிலிருந்து குடும்பத்தோடு வந்து இறங்கினான். வீட்டுக்காரர் உடனே காலி செய்யச் சொல்லிவிட்டார். நோய்க்குப் பயந்து யாரும் புதிதாக வீடு தரவில்லை. அவள் கணவர் வாட்ச்மேன். வேறு வழி தெரியாமல், தான் காவல் காக்கிற கட்டடத்திலேயே பின்பக்கத்து அறை ஒன்றைத் திறந்து பாயையும் பாத்திரத்தையும் இறக்கிவிட்டார். வெளியே தெரிந்தால் வேலையும் போகும், தலைக்கு மேல் இருக்கிற கூரையும் போகும்.

விஷயத்தைக் கேட்டதும் கணவருக்கு முகம் வெளிறியது.

"முடியாதுன்னு சொல்லிட்டா?"

"அந்த டீச்சர்கிட்டயா? நகம் வெட்டாம வந்தாலே ஹெட்மாஸ்டர் வரைக்கும் கொண்டுபோறவங்க. வேற வினையே வேண்டாம்."

"சரி, சுவத்தை மறை. உன் புடவையை எடு."

ஒரு புடவை போதவில்லை. இரண்டைச் சேர்த்துக் கட்டித் தொங்கவிட்டார்கள். அங்கிருந்த மேசைமேல் போர்வையைப் போட்டார்கள். அறையில் எதையும் தொடக்கூடாது என்பது முதல் நாளே அவர் போட்ட கட்டளை. மகள் தரையில் குனிந்துதான் எழுதுவாள்.

ஜன்னல்தான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. கீழ்க் கொக்கியை எப்படி மாட்டினாலும் நழுவியது. கடைசியில் அதைக் கயிறு போட்டு இழுத்துக் கட்டினார்.

அம்மா மகளை அருகில் உட்கார வைத்துக்கொண்டாள்.

"இங்க பாரு கண்ணு, எங்க இருக்கீங்கன்னு கேட்டா சித்தி வீட்லன்னு சொல்லணும்."

"எனக்குத்தான் சித்தியே கிடையாதே."

"இன்னிக்கு ஒரு நாள் இருக்கா."

"பேர் கேட்டா?"

"சித்திக்கெல்லாம் பேர் கேக்க மாட்டாங்க."

மகளுக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள். கணவர் காவலுக்கு வாசல் கேட்டுக்குப் போய்விட்டார்.

போன் அடித்தது. அதைச் சொம்பில் சாய்த்து வைத்துவிட்டு, அம்மா மகளை ஒட்டி உட்கார்ந்தாள். திரையில் டீச்சரின் கண்ணாடி பளபளத்தது.

"வணக்கம்மா. ஒருவழியா உங்க நெட் சரியாயிடுச்சு போல."

"ஆமாங்க டீச்சர்."

"இது உங்க வீடுதானே?"

"சித்தி வீடு டீச்சர்," என்றாள் மகள், கேட்டு முடிப்பதற்குள்.

"அப்படியா. வீட்ல பாடம் யாரு பாக்கறாங்க?"

"நான்தான் பக்கத்துல உக்காருவேன். எனக்கு அவ்வளவா படிப்பு வராது டீச்சர். அவ படிக்கிறதைக் கேட்டுக்கிட்டு இருப்பேன்."

"அது போதும்மா. நீங்க கேக்கறீங்கன்னு தெரிஞ்சாலே அவ நல்லாப் படிப்பா."

அம்மாவுக்கு இப்போதுதான் மூச்சு வந்தது. அந்த நேரம் பார்த்து வெளியே காற்று கிளம்பியது. கயிறு அவிழ்ந்து ஜன்னல் படீரென்று திறந்தது. புடவை மேலே எழும்பி, ஒரு கணம் நின்று, பிறகு இறங்கியது.

டீச்சர் திரைக்கு அருகே குனிந்தார்.

நெட் போய்விடக் கூடாதா என்று அம்மா வேண்டிக்கொண்டாள். என்றைக்கும் இழுக்கிற நெட் இன்றைக்குக் கல்லுமாதிரி நின்றது.

"போனைக் கொஞ்சம் அந்த ஜன்னல் பக்கம் திருப்புங்கம்மா."

திருப்பினாள். டீச்சர் நெடுநேரம் பார்த்தார். மகள் அம்மாவின் முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டாள். கணவரை நாளைக்கு யார் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவார்களோ, பாயைச் சுருட்டிக்கொண்டு எந்தத் தெருவில் நிற்கப் போகிறோமோ என்று அம்மாவின் மனசு ஓடியது.

"பாப்பா எங்க உக்காந்து எழுதறா?"

"த... தரையிலதான் டீச்சர்."

"முதுகு வலிக்கும். அந்த மேசையில உக்காந்து எழுதட்டும்."

"ஐயோ, அது சித்தியோடது டீச்சர். நாங்க எதையும் தொடறதில்ல. சத்தியமா, ஒரு சாமானைக்கூடத் தொட்டதில்ல." சொல்லும்போதே அழுகை முட்டியது.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் குரல் இறங்கிவிட்டது.

"சித்தி ஒண்ணும் சொல்ல மாட்டேன்மா. அந்தக் கொக்கி கயித்துக்கெல்லாம் அடங்காது. என் மேசை டிராயர்ல சாக்பீஸ் டப்பா இருக்கும், நான் தினமும் கிளாஸ்ல செய்யற மாதிரி அட்டையைக் கிழிச்சு மடிச்சுச் சொருகுங்க. அப்புறம் அந்தப் புடவையைக் கழட்டிடுங்க, பாப்பா போர்டுல கணக்குப் போட்டுப் பழகட்டும்."