மாதிரிக்கு ஒரு துண்டு

சுங்க அலுவலகத்தின் கண்ணாடித் தடுப்பு முன் நிற்கும் தச்சர், வெளிநாட்டுக் கடையிலிருந்து வந்த பொட்டலத்தை உள்ளங்கையில் கவிழ்க்கிறார். வளையல் அளவில் மெல்லிய ரப்பர் பட்டை விழுகிறது. மோட்டாரின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது இந்தப் பட்டைதான். இது சுற்றினால்தான் பழைய ஒலிப்பதிவுக் கருவியில் நாடா நகரும், இறந்துபோன மனைவி பேசுவாள். அந்தக் குட்டி நாடா வேறு எதிலும் ஓடாது. பட்டையோ ஓரிடத்தில் வெட்டுப்பட்டுக் கிடக்கிறது. "என்னம்மா, அறுத்திருக்கீங்க?" உள்ளே இருக்கும் அதிகாரி நிமிர்கிறார். "எந்த ரப்பர்னு தெரியாம எப்படி ஐயா வரி போடறது? மாதிரிக்கு இத்துனூண்டுதான் எடுத்தோம். தலைமுடிக்குப் போடற ரப்பராட்டம் இருக்கு, வேற வாங்கிக்கங்க." "இதான் கடைசின்னு சொல்லித்தாம்மா அனுப்பினாங்க." முனைகள் இரண்டையும் தச்சர் இரு கை விரல்களாலும் சேர்த்துப் பிடிக்கிறார். பிடித்திருக்கும்வரை வளையம் முழுசாகத் தெரிகிறது. "வாங்கிக்கிட்டேன்னு கையெழுத்துப் போடுங்க," என்று அதிகாரி பேனாவை நீட்டுகிறார். அதை வாங்கத் தச்சருக்குக் கை ஒழியவில்லை.