நடு மாடி

“எங்க பக்கம் எல்லாம் சரியாத்தான் இருக்கு சார். முதல்ல உங்க பக்கத்தைப் பாருங்க.”

போனில் மேல் வீட்டுப் பெண்ணின் குரல் மூன்றாவது நாளாக உச்சத்தில் இருந்தது. அந்த சாரும் சளைத்தவர் இல்லை. எங்கள் கேட்வே கல்லு மாதிரி நிற்கிறது மேடம், கோளாறு உங்கள் பக்கம்தான் என்று அவரும் பதிலுக்கு ஏறினார்.

நடுவில் நாய் வேறு. உங்கள் நாயை அடக்குங்கள் என்றாள் இவள். என்னிடம் நாயே இல்லை, அது உங்கள் பக்கத்து நாய் என்றார் அவர்.

நான் சமையலறை ஜன்னலோரம் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஒட்டுக்கேட்பது என் வழக்கமில்லை. வெளிச்சம் அங்கேதான் வருகிறது.

அவள் வேலை செய்வது ஆறு ரத்தப் பரிசோதனைக் கூடங்கள் நடத்தும் கம்பெனியில். ரிப்போர்ட்டையெல்லாம் எங்கோ இருக்கும் வாடகை சர்வர்களுக்கு, அதாவது கிளவுடுக்கு, மாற்றிவிட்டார்கள். கூடத்தின் பக்கம் வாசலாக இவள் பார்த்துக்கொள்ளும் ஒரு பெட்டி, கிளவுடின் பக்கம் வாசலாக சர்வர் கம்பெனிக்கார அந்த சாரின் கேட்வே, நடுவே யாரும் எட்டிப்பார்க்க முடியாத ஒரு சுரங்கப்பாதை. அந்தப் பாதைதான் திறக்க மறுத்தது.

இன்று நாலு மணிக்குள் திறக்காவிட்டால் நாளை வேலைக்கு வர வேண்டாம் என்று அவள் மேனேஜர் சொல்லியிருந்தார். சேர்ந்தே இரண்டு மாதம்தான் ஆகிறது.

மணி மூன்று இருபது.

அந்தப் பாதைக்கு ஒரு ரகசியச் சாவி உண்டு. இரண்டு பக்கமும் ஒரே சாவியைப் போட வேண்டும். அதை எழுத்தெழுத்தாக, சத்தம் போட்டு, மூன்று முறை சரிபார்த்தார்கள். எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. வெளியே சொல்ல மாட்டேன், எனக்கும் நாகரிகம் தெரியும்.

கேட்வேயை அழித்துப் புதிதாகக் கட்டினால் முக்கால் மணி நேரம் பிடிக்குமாம். நாலு முறை கட்டினார்கள். அந்த நேரத்தில் சண்டை போட விஷயமில்லை, போனை வைக்கவும் மனமில்லை. என்னதான் செய்வார்கள், பாவம். தனியாகச் சாப்பிடும்போது அவள் தட்டே எடுக்காமல் சட்டியிலேயே சாப்பிடுவாள் என்பது அப்படித்தான் வெளியே வந்தது. அவர் துணியைத் துவைத்துவிட்டுக் காயப்போட மறந்துவிடுவார் என்பதும்.

துணி விஷயம் எனக்கு முன்பே தெரியும். அந்த வாளி வாரக்கணக்கில் முதல் மாடி பால்கனியில்தான் கிடக்கிறது.

ஆமாம். அந்த சார் கிளவுடில் இல்லை. போன மாதம் என் வீட்டுக்கு நேர் கீழே குடிவந்த தம்பிதான். சர்வர் கம்பெனி தொலைதூரத்தில் இருப்பதால் ஆளும் அங்கேதான் என்று இவள் நினைப்பு. பரிசோதனைக் கூடம் எந்த ஊரோ என்று அவன் நினைப்பு. இரண்டு பேர் காதிலும் ஹெட்போன். மூன்று மாடியிலும் சேர்த்துக் காது திறந்திருந்தது எனக்கு மட்டும்தான்.

நேற்றுக் கரண்ட் போனபோது, உங்கள் பக்கமுமா என்று இருவரும் ஒரே நேரத்தில் ஆச்சரியப்பட்டார்கள். நான் கைப்பிடித் துணியை வாயில் அடைத்துக்கொண்டேன்.

சொல்லியிருக்கலாம். சொன்னால், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்களே. இந்தக் கட்டடத்தில் எனக்கென்று ஒரு பெயர் இருக்கிறது.

மூன்றரைக்கு இருவரும் அவரவர் மேலதிகாரிக்குப் போனில் பதில் சொன்னார்கள். மேலே அவள், நம் பெட்டி தயார் சார், அவர்கள் கேட்வே கூப்பிட்டால் எடுக்கும்படி வைத்திருக்கிறேன் என்றாள். கீழே அவன், நம் கேட்வே தயார் சார், அவர்கள் பெட்டி கூப்பிட்டால் எடுக்கும்படி வைத்திருக்கிறேன் என்றான்.

என் கத்தி நின்றது.

எனக்கு கேட்வே தெரியாது. ஆனால் நாத்தனாரைத் தெரியும். அவள் கூப்பிடட்டும் என்று நானும், நான் கூப்பிடட்டும் என்று அவளும் ஒன்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறோம். இரண்டு பக்கமும் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

மணி மூன்று நாற்பத்தைந்து. என் நல்ல பெயரா, அந்தப் பெண்ணின் வேலையா?

இடுப்பு வரை ஜன்னலுக்கு வெளியே வந்து, மூன்று வீட்டுக்கும் பொதுவான தண்ணீர்க் குழாயைக் கரண்டியால் ஓங்கித் தட்டினேன்.

“ரெண்டு பேரும் எடுக்கிறதுக்கே உக்காந்திருந்தா, யாரும்மா கூப்பிடுறது? யாராவது ஒருத்தர் முதல்ல கூப்பிடுங்க.”

மேலேயிருந்து ஒரு தலை எட்டிப்பார்த்தது. கீழேயிருந்து ஒரு தலை. இரண்டு கழுத்திலும் ஹெட்போன் தொங்கியது.

கீழே வாசலில் நாய் குரைத்தது. இருவரும் ஒன்றாகத் திரும்பி நாயைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர். நடுவில் என் தலை இருந்ததை யாரும் பொருட்படுத்தவில்லை.

அவன்தான் முதலில் உள்ளே ஓடினான். அவன் கேட்வேயைக் கூப்பிடும் பக்கமாக மாற்ற அரை நிமிடம்கூட ஆகவில்லை. மேலே நாற்காலி விழுகிற சத்தமும் அதன் பின்னாலேயே அவள் சிரிப்பும் கேட்டன. எட்டு நிமிடம் மிச்சமிருக்க, ஆறு கூடத்து ரிப்போர்ட்டும் ஓடத் தொடங்கியது. என் பீன்ஸில் பாதி சந்தில் கிடந்தது.

அடுத்த வருடம் கல்யாணம். அவள் இரண்டு மாடி இறங்கி முதல் மாடிக்குக் குடிபோனாள். வாளி இப்போது காலியாக இருக்கிறது.

அவள் விட்டுப்போன மூன்றாம் மாடிக்கு என் நாத்தனார் வந்திருக்கிறாள். சுரங்கப்பாதை திறந்த அன்று சாயங்காலம் அவளுக்கு ஒரே ஒரு ரிங் விட்டுவிட்டு வைத்துவிட்டேன். அடுத்த நொடியே அவள் கூப்பிட்டாள். ஆக, முதலில் கூப்பிட்டது அவள்தான். கட்டடத்தில் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன்.

சமையலறை ஜன்னலை மட்டும் இப்போது சாத்தியே வைக்கிறேன். அவளுக்கும் பீன்ஸ் நறுக்க வெளிச்சம் வேண்டுமாம்.