மச்சானுக்கு ஒரு நாய் ஊசி

"ஏனுங்க டாக்டரு, நாய்க்குப் போடற மயக்க ஊசி ஒண்ணு வேணுமுங்க. என்ர மச்சானுக்கு."

வடகரப்பதி மிருகாசுபத்திரியில் கோபிநாத் டாக்டர் மெதுவாக நிமிர்ந்தார். எதிரே செங்கோட்டையன். நாலு மாடு, ஒரு தென்னந்தோப்பு, ஓயாத வாய். இன்றைக்கு மாட்டைக் காணோம், வாய் மட்டும் வந்திருந்தது.

"எந்த ஊசி?"

"கெட்டமைனுங்க. மனசு ஒடிஞ்சு கெடக்கறவங்களுக்கு அதைப் போட்டா எந்திரிச்சு உக்காந்துக்கறாங்களாமுல்ல? வாட்ஸப்புல வந்துச்சு."

டாக்டரின் பேனா ஒரு நொடி நின்றது. மறுபடி ஓடியது.

இன்றைக்கு இந்த மனுஷன் வாயிலிருந்து ஒரு 'சரி'யைப் பிடுங்காமல் நகர்வதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டு வந்திருந்தார் செங்கோட்டையன். அது கிடைக்காவிட்டால் ஒரு நல்ல ஆள் கைவிட்டுப் போய்விடுவான்.

டாக்டருக்கு டீயும் வடையும் வந்தன. செங்கோட்டையன் பாய்ந்து வாங்கி, டீயை ஊதி ஊதித் தானே குடித்தார்.

"அது எனக்கு வந்ததுங்ணா."

"தொண்டை கட்டிக்கிச்சுங்க, கோவிச்சுக்காதீங்க" என்று வடையையும் வாயில் போட்டுக்கொண்டார். "மச்சானும் ஒரு வகையில நாய்தானுங்க டாக்டரு. என்ன, கொலைக்கறதில்ல, கடிக்கறதில்ல. நாளெல்லாம் சுருண்டு படுத்துக்கறான். பொண்டாட்டி வெச்ச தோசைய முறைச்சுப் பாக்கறான். படிச்சவன், கவர்மெண்டு உத்தியோகம். சுத்தச் சோம்பேறி!"

"சோம்பேறின்னு சொல்லாதீங்க." டாக்டர் தாடியைத் தடவினார். "அது வியாதி. மாத்திரை குடுத்தாங்களா?"

"ரெண்டு தினுசு மாத்திப் பாத்தாச்சு. எரும மேல மழை பேஞ்ச மாதிரிதான். அதான் நீங்களே ஒரு குத்து குத்தி உட்டீங்கன்னா... அவன் எடை ஒரு கன்னுக்குட்டி அளவுதானுங்க."

"அண்ணா! எனக்கு ஜெயிலுக்குப் போற ஆசையில்ல." பல நாளைக்குப் பிறகு டாக்டரின் குரல் கொஞ்சம் ஏறியது. "மனுசனுக்கு அதை அளந்து, சொட்டுச் சொட்டா ஏத்தோணும். பிரஷர் ஏறும். கொஞ்ச நேரம் ஒடம்பு வேற, ஆள் வேறங்கற மாதிரி மெதக்கும். பக்கத்துலயே டாக்டர் நின்னு பாத்துக்கோணும். பெரிய ஆசுபத்திரியிலதான் முடியும்."

"என்ன ஆனாலும் நாய் மருந்துதானுங்களே? நாளைக்கு ஊருல நாலு பேரு சிரிச்சா அவன் கெவுரவம் என்னாவறது?"

"யாரு சொன்னா நாய் மருந்துன்னு? பச்சக் கொழந்தைக்கு ஆபரேசன்னாக்கூடக் குடுக்கற மருந்து அது. மனுசன்கிட்ட இருந்து நாய்தான் கடன் வாங்கிக்கிச்சு!"

செங்கோட்டையன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். மீன் தூண்டிலை மோந்து பார்த்துவிட்டது.

"சரி, உள்ள போயி அது என்னதான் பண்ணுமுங்க?"

"மூளையில ஒரு நரம்பும் இன்னொரு நரம்பும் பேசிக்கற இடத்துல பொடிப் பொடியா மொட்டு மாதிரி இருக்கும். ரொம்ப நாள் சோர்ந்தே கெடந்தா அது உதிர்ந்துரும். இந்த மருந்து போனா மறுபடி துளுக்கும்னு சொல்றாங்க."

"வெட்டி உட்ட முருங்க மாதிரிங்களா?"

"அப்படித்தான் வெச்சுக்கங்க. ஆனா துளுத்தா மட்டும் பத்தாது. அந்தக் கொஞ்ச நாள் மூளை நல்லா இளகிக் கெடக்கும். அப்பப் பாத்து உக்காந்து பேசோணும், வெளிய கூட்டிட்டுப் போகோணும், புதுசாப் பழக்கோணும். இல்லீன்னா பழைய தடத்துலயே போய் விழுந்துரும். எல்லாருக்கும் கேக்கும்னும் சொல்ல முடியாது. கேட்டா, ஆளு திரும்பிருவான்."

"கோயமுத்தூர் ஆசுபத்திரியில பெட்டெல்லாம் சொல்லி வெச்சாச்சுங்க. இன்னிக்குத்தான். ஆனா அவன் யாரு சொன்னாலும் கேக்கறதில்ல."

"சம்சாரம் சொல்லியுமா?"

"அந்தப் புள்ள அழுதே பாதியாப் போச்சுங்க." செங்கோட்டையனின் குரல் முதல் தடவையாக இறங்கியது. "போன வாரம் அதுகிட்ட, 'நான் இல்லாட்டி யாருக்கு என்ன நட்டம்'னு கேட்டிருக்கானுங்க."

டாக்டர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். சுவரோரம் ஒரு ஆடு போஸ்டரைத் தின்றுகொண்டிருந்தது. அது ஒரு முகத்தைத் தின்று முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இதுக்கு மேல நாளைத் தள்ளக் கூடாதுங்ணா" என்றார் கடைசியில். "இன்னிக்கே போகோணும். வயித்துல ஒண்ணும் இருக்கக் கூடாது."

"பச்சத் தண்ணிகூடப் பல்லுல படலீங்க. நான் பாத்துக்கிட்டேன்."

"அப்பறம் ஏன் இங்க உக்காந்து வளவளன்னு பேசறீங்க? இதுல வெக்கப்பட என்ன இருக்குது? மாடு படுத்தாத் தூக்கி நிறுத்தறோமுல்ல? ஆளு எங்க? நானே பேசறேன்."

"ஜீப்பு வரைக்கும் வந்தீங்கன்னாப் போதுமுங்க. வர்றீங்களா?"

"சரி, வாங்க."

செங்கோட்டையன் மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்துக் கும்பிட்டார். சாமி படம் எங்கே மாட்டியிருக்கிறது என்று தேட அவருக்கு நேரமில்லை.

வெளியே வேப்பமரத்தடியில் ஜீப் நின்றது. டாக்டர் வேகமாக நடந்து போய் உள்ளே எட்டிப் பார்த்தார். பின்சீட்டில், மாற்றுத்துணிப் பையை மடியில் வைத்துக்கொண்டு, டாக்டரின் மனைவி வனிதா உட்கார்ந்திருந்தாள்.

"நீ எங்க இங்க? அண்ணா, உங்க மச்சான் எங்க?"

செங்கோட்டையன் முன்கதவைத் திறந்து, தோள் துண்டால் சீட்டைத் தட்டிவிட்டார்.

"எனக்கு மச்சானே கெடையாதுங்க டாக்டரு. 'நாய் ஊசிய எனக்கா போடறீங்க'ன்னு ஊட்ல கவுந்து படுத்துக்கிட்டது நீங்கதானுங்க. பெட்டும் உங்க பேருலதான் இருக்குது, ஏறுங்க."